இருபது விழுந்தால் மரணமா? கிரிட்டிகல் அடியும் முதல் நிலைக் கதாபாத்திரங்களும்

பாறசாலை_நடுவர்

வணக்கம். எங்கள் மேசையில் ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. பல மேசைகளைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பதால் கொண்டுவருகிறேன்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு; ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், நடுவர் நான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர், இந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேர். கதை நடப்பது அகத்தியமலை அடிவாரத்தை மனத்தில் வைத்து நான் கட்டிய ஒரு காட்டில். போன ஞாயிறு முதல் நிலைக் கதாபாத்திரங்களோடு புதிய கதையைத் தொடங்கினோம். ஒரு தங்கை முதல் முறையாக மேசைக்கு வந்தாள். அவளுடையது மந்திரவாதி, உடல் உறுதி 12, ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளி) 7. கதாபாத்திரத் தாளின் ஓரத்தில் தன் கைத்தடியைப் பென்சிலால் வரைந்து, பிடியில் ஒரு மரங்கொத்தியையும் வரைந்திருந்தாள்.

முதல் சண்டையிலேயே பக்பேர் என்ற அரக்க உயிரினம் அவளைத் தாக்கியது. நான் எப்போதும் எல்லோர் கண்முன்னும்தான் பகடை உருட்டுவேன். இருபது விழுந்தது. தாக்குதல் பகடையில் இருபது விழுந்தால் அது கிரிட்டிகல், சேதப் பகடைகள் இரட்டிக்கும்; முள்கதையின் இரண்டு எட்டு முகப் பகடைகள் நான்காயின. அவற்றில் 19 வந்தது, கூட்டல் 2, ஆக 21. ஏழு போக எஞ்சியது 14. எஞ்சிய சேதம் உச்ச ஹிட் பாயிண்ட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி. பூஜ்யத்துக்கு விழுந்தவர் பிழைப்பாரா என்று உருட்டும் சாவுத் தேர்வுப் பகடைக்குக்கூட இடமில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

கிரிட்டிகலை எடுத்துவிடலாம் என்கிறார்கள் இருவர். அதில் கைவைத்தால் ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்கிறான் ஒருவன். புதிதாக ஒருவர் மேசைக்கு வருவதே எங்கள் பக்கம் அபூர்வம் என்பதால், இதை வெறும் விதிச் சிக்கல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

---

மார்த்தாண்டம்_வாள்

அந்த ஒருவன் நான்தான். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, அந்தத் தங்கைக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் வாளை உருவிக்கொண்டு நிற்கும் எதிரிக்கு முன்னால் போகும்போது வயிற்றைப் பிசைய வேண்டும். ஆபத்து இல்லையென்றால் பகடையே எதற்கு? எல்லோரும் உட்கார்ந்து கதை சொல்லிவிட்டுப் போய்விடலாமே. மூன்றாம் சுற்றில் இன்னும் முப்பது ஹிட் பாயிண்ட் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், ஆட்டக்காரன் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறான். எதிரியின் கையில் எப்போது வேண்டுமானாலும் ஓர் இருபது இருக்கிறது என்ற நினைப்புத்தான் என் வீரனை மரத்துக்குப் பின்னால் ஒளிய வைக்கிறது, பேச்சுவார்த்தைக்கு இறங்க வைக்கிறது, சில நேரம் ஓடவும் வைக்கிறது.

இன்னொன்று. நான் இருபது போடும்போது மேசையே எழுந்து நிற்கிறது. அந்த மகிழ்ச்சி எனக்கு மட்டும் இருக்கட்டும், எதிரிக்கு வேண்டாம் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

---

கொழிஞ்சாம்பாறை_தாயம்

பாலக்காட்டு எல்லையிலிருந்து. மேலே சொன்ன மகிழ்ச்சியை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் தாயக்கட்டை உருட்டும்போது 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிரியின் காயை வெட்டினாலும் இன்னொரு ஆட்டம் உண்டு. திண்ணையில் எழும் சத்தமெல்லாம் அந்த உபரி ஆட்டத்துக்காகத்தான். இருபது முகப் பகடையில் இருபதும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் போட்டு உள்ளே வரலாம். அந்தத் தங்கையின் மந்திரவாதி வர முடியாது. நான் நிற்பது இந்த இடத்தில்தான். கிரிட்டிகல் இருக்கட்டும்; அது விழுந்த பிறகு ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்ற நிலை இருக்கக் கூடாது.

---

செங்கோட்டை_ஏடு

இந்த வழக்கு ஆட்டத்தின் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமானது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது அதில் இருபதுக்குத் தனிச் சலுகை கிடையாது. அடுத்த ஆண்டே, 1975இல், அதே டி.எஸ்.ஆர். நிறுவனம் எம்.ஏ.ஆர். பார்க்கரின் எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் இருபது விழுந்தால் இரட்டைச் சேதம். அதோடு மறுபடி ஒரு முறை உருட்ட வேண்டும். அப்போது 19 அல்லது 20 விழுந்தால் எதிராளி அங்கேயே காலி. இன்று நாம் சண்டையிடும் விதியின் பாட்டன் அதுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸுக்கு இது பிடிக்கவில்லை. 1979இல் வந்த நடுவர் கையேட்டில் அதை நேரடியாகவே மறுத்து எழுதினார். இரட்டைச் சேதமும் கிரிட்டிகலும் இருந்தால் அவை இரு பக்கமும் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்களுக்கு ஆயுள் குறையும். அரக்கர்களுக்கு மட்டும் மறுத்தால் அது அநியாயம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஹிட் பாயிண்ட் என்பது சதையின் அளவு மட்டுமல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வ அருளும் சேர்ந்தது என்பதும் அவர் நிலைப்பாடு. அப்படியானால் ‘கழுத்தில் வெட்டு’ என்ற தனி விதிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆட்டக்காரர்கள் கேட்டார்களா? இல்லை. வீட்டு விதியாக எல்லா மேசைகளிலும் கிரிட்டிகல் ஏறிக்கொண்டது. 1989இன் இரண்டாம் பதிப்பு அதை விருப்ப விதியாக ஏற்றது. 2000இல் மூன்றாம் பதிப்பு அதை மைய விதியாக்கியது, ஆனால் ஒரு காவலோடு. இருபது விழுந்தால் அது அச்சுறுத்தல் மட்டுமே. மீண்டும் ஒரு தாக்குதல் பகடை உருட்டி, அதுவும் பட்டால்தான் கிரிட்டிகல் உறுதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. இருபது போட்டால் மட்டுமே படும் அளவுக்குக் கவசம் அணிந்தவர் மேல் விழும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிகலாகிவிடும் அபத்தத்தை அது தடுத்தது. 2008இன் நான்காம் பதிப்பு, பகடையை உருட்டாதே, உச்ச சேதத்தை எடுத்துக்கொள் என்றது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பகடைகளை மட்டும் இரட்டிப்பாக்கியது.

வெளியே, மற்ற ஆட்டங்களில், வேறு வழிகளும் இருந்தன. 1978இன் ரூன்குவெஸ்டில் கிரிட்டிகல் வாய்ப்பு திறமையின் இருபதில் ஒரு பங்கு. தேர்ந்த வாள்வீரனுக்கு அதிகம், கற்றுக்குட்டிக்குக் குறைவு. 1980இல் தொடங்கிய ரோல்மாஸ்டர் வரிசையில் வெட்டு, குத்து, நசுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை கடுமை. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் எதிரியின் கவச எண்ணை (அடி பட எட்ட வேண்டிய எண்ணை) 10 மிஞ்சினாலே கிரிட்டிகல். அங்கே கேடயத்தை உயர்த்துவதும், ஓரடி பின்வாங்குவதும், எதிரியைக் கலங்கடிப்பதும் கிரிட்டிகல் வாய்ப்பையே கூட்டிக் குறைக்கின்றன. ஆபத்து பகடையின் ஒரு முகத்தில் ஒட்டிக்கொள்ளாமல் ஆட்டக்காரரின் முடிவுகளோடு கட்டப்பட்டிருக்கிறது. மார்த்தாண்டத்துத் தம்பி கேட்கும் பயம் இந்த வகையில்தான் முழுதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

---

நகரி_நூலகம்

செங்கோட்டை ஐயா சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய விதிகளுக்காக 2022 ஆகஸ்டில் வெளியான சோதனைப் பிரதியில் கிரிட்டிகலை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வைத்து, அரக்கர்களிடமிருந்து எடுத்துப் பார்த்தார்கள். மந்திரத் தாக்குதல்களுக்கும் இல்லை. ஆயுதமும் வெறுங்கையும் மட்டும். பெரும் எதிர்ப்பு வந்தது. அடுத்த சோதனைப் பிரதியிலேயே பழைய விதி திரும்பியது, 2024 கையேட்டிலும் அதுவே நிற்கிறது. ஆக, ‘எதிரிக்கு வேண்டாம்’ என்ற வழியை வெளியீட்டாளர்களே தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

---

குழித்துறை_கணக்கு

எல்லோரும் கிரிட்டிகலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த மந்திரவாதி மந்திரக் கவசம் போடவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். கவச எண் 12. பக்பேரின் தாக்குதலுக்குக் கூட்டல் 4. எனவே 8 முதல் 20 வரை எது விழுந்தாலும் அடி படும். இருபது போக, சாதாரண அடிக்கு 12 முகங்கள், அதாவது 60 விழுக்காடு. கிரிட்டிகலுக்கு 5 விழுக்காடு.

ஹிட் பாயிண்ட் 7 என்பதால் ஒரே அடியில் 14 சேதம் வந்தால் உடனடி மரணம். சாதாரண அடியில் இரண்டு எட்டு முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் வேண்டும்: 64 சேர்க்கைகளில் 15, அதாவது 23.4 விழுக்காடு. கிரிட்டிகலில் நான்கு பகடையில் 12 அல்லது அதற்கு மேல்: 4,096 சேர்க்கைகளில் 3,766, அதாவது 91.9 விழுக்காடு.

இப்போது இரண்டையும் பெருக்குங்கள். ஒரு தாக்குதலில் சாதாரண அடியால் உடனடி மரணம் 14.1 விழுக்காடு. கிரிட்டிகலால் 4.6 விழுக்காடு. மொத்தம் 18.7. நான்கு மரணங்களில் மூன்று சாதாரண அடியால்தான் நடக்கும்! கிரிட்டிகலை அடியோடு நீக்கினாலும், அந்தத் தங்கை பக்பேரின் எட்டும் தூரத்தில் நின்ற ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வாய்ப்போடு உயிரை அடகு வைத்திருப்பாள். நான்காம் பதிப்பு பாணியில் ‘உச்ச சேதம்’ என்று மாற்றுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பக்பேரின் உச்ச சேதம் 18. அவள் ஒவ்வொரு கிரிட்டிகலிலும் தவறாமல் இறப்பாள்.

அதே மந்திரவாதி இரண்டாம் நிலைக்கு வரட்டும். ஹிட் பாயிண்ட் 12. உடனடி மரணத்துக்கு 24 சேதம் தேவை. சாதாரண அடியின் உச்சம் 18, எட்டாது. கிரிட்டிகலில் நான்கு பகடையில் 22 அல்லது மேல் வர வேண்டும்: 23 விழுக்காடு. ஒரு தாக்குதலுக்கு மொத்தம் 1.15 விழுக்காடு. ஒரே ஒரு நிலை ஏறியதும் ஆபத்து பதினாறில் ஒரு பங்காகிவிட்டது.

முதல் நிலையில் ஹிட் பாயிண்ட்டுக்கும் அரக்கர்களின் ஆயுதத்துக்கும் பொருத்தமே இல்லை. நோய் அங்கேதான் இருக்கிறது.

---

மார்த்தாண்டம்_வாள்

கணக்கு அண்ணனுக்கு நன்றி. ஆனால் பக்பேர் முதல் நிலைக்குக் கொஞ்சம் பெரிய கை. கோப்ளின் என்ற குட்டி அரக்கனை எடுத்துப் பாருங்கள். ஒரு ஆறு முகப் பகடை, கூட்டல் 2. அங்கே என் வாதம் நிற்கும்.

---

குழித்துறை_கணக்கு

பார்த்துவிட்டேன் தம்பி. கோப்ளினின் சாதாரண அடியின் உச்சம் 8. அந்த மந்திரவாதி விழுவாள், இறக்கமாட்டாள். கிரிட்டிகலில் இரண்டு பகடையும் ஆறாக விழுந்தால் 14, உடனடி மரணம்; முப்பத்தாறில் ஒன்று. கோப்ளின் அளவில் கிரிட்டிகல் நீ விரும்பும் பயத்தைத் தருகிறது, உயிரை அவ்வளவு எளிதில் எடுப்பதில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீண்ட கதையில் வேறொரு கணக்கு இருக்கிறது, கைகாக்ஸ் சுட்டியதும் அதைத்தான். ஒரு கோப்ளின் ஒரே சண்டையில் வந்து செத்துவிடும். உன் வீரன் எல்லாச் சண்டையிலும் இருக்கிறான். ஒரு கதை முழுவதும் அவன்மேல் 40 தாக்குதல்கள் விழுகின்றன என்று வை. ஒரு முறையாவது இருபது விழ 87 விழுக்காடு வாய்ப்பு. 1975இன் பழைய விதிப்படி ஒரு தாக்குதலுக்கு உடனடி மரண வாய்ப்பு இருநூறில் ஒன்று; கேட்க அற்பமாக இருக்கும். நாற்பது தாக்குதலில் அது 18 விழுக்காடு. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவராவது அப்படிச் சாக 55 விழுக்காடு. எதிரிக்கு ஒரு தடவை, நமக்கு ஆயுள் முழுவதும். விதி இருவருக்கும் ஒன்றுதான், சுமக்கும் முதுகு ஒன்றல்ல.

---

கொழிஞ்சாம்பாறை_தாயம்

இதோடு ‘ஒன்று விழுந்தால் வாள் கைநழுவும்’ என்ற வீட்டு விதி உள்ளவர்கள் தயவுசெய்து அதை இன்றே தூக்கி எறியுங்கள். ஐந்தாம் பதிப்பில் இருபதாம் நிலை வீரன் ஒரு முறைக்கு நான்கு தடவை தாக்குகிறான். நான்கில் ஒன்றாவது ‘ஒன்று’ ஆக 18.5 விழுக்காடு. நாட்டிலேயே சிறந்த வாள்வீரன் ஐந்தாறு முறைக்கு ஒரு முறை வாளைத் தவறவிடுகிறான். நேற்றுக் கத்தி பிடித்த பையன் இருபது முறைக்கு ஒரு முறைதான். திறமை வளர வளரக் கோமாளியாவது எந்த உலகத்து நியாயம்? இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருகிறது.

---

அருமனை_அடிமுறை

நான் இந்த ஆட்டங்களுக்குப் புதியவள், ஆனால் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் பயிலும் குடும்பத்தில் பிறந்தவள். கிரிட்டிகல் என்று நீங்கள் பேசுவதை எங்கள் பக்கத்துக் கண்ணால் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா?

நெய்யாற்றின்கரை முதல் நாகர்கோவில் வரை பழைய தென்திருவிதாங்கூர் முழுவதும் வர்மம் (உடலின் உயிர்நிலைப் புள்ளிகள்) தெரிந்த ஆசான்மார் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். வர்மம் 108, அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது மரபுக் கணக்கு. படுவர்மத்தில் பலமாகப் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வர்ம ஏடுகள் அடியோடு நின்றுவிடுவதில்லை. இந்த இடத்தில் பட்டால் உடலில் என்ன குறி தெரியும், எத்தனை நாழிகைக்குள் இளக்க (அடியின் பாதிப்பை நீக்க) வேண்டும், எந்த அடங்கலில் (உயிரை மீட்கத் தொடும் புள்ளியில்) கைவைத்தால் உயிர் திரும்பும் என்று சொல்லிக்கொண்டே போகும். ஒரு நாழிகை 24 நிமிடம். அடி தெரிந்தவனுக்கு இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசான்மார் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம். சின்ன வயதில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பு வீச்சில் நெஞ்சில் பட்டுச் சுருண்டவரைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்து, முதுகில் ஒரு தட்டு. சுற்றி நின்ற சிஷ்யர்களில் ஒருவரும் அசையவில்லை. நீண்ட மூச்சு ஒன்று வந்த பிறகுதான் தாத்தா கையை எடுத்தார்.

உங்கள் விதியில் குறி இருக்கிறது, நாழிகை இல்லை. இருபது விழுந்த உடனே கணக்கு முடிந்துவிடுகிறது. பட்டவருக்கும் வேலை இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் வேலை இல்லை. மரண பயம் என்று மார்த்தாண்டத்துத் தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது. எங்கள் களரியில் அந்தப் பயம் அடி விழுந்த பிறகுதான் தொடங்கும், அந்த நாழிகைக்குள் என்ன செய்யப்போகிறோம் என்பதில்.

---

பாறசாலை_நடுவர்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு விதியையே புதிதாக எழுதினேன். எல்லோரும் இதை அடித்துத் திருத்த வேண்டும்.

இருபது விழுந்தால் சேதம் இரட்டிப்பாகாது. சாதாரண சேதமும், அதோடு ஒரு வர்மக் காயமும். ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டுகிறோம். 1, 2 விழுந்தால் கை: பிடித்திருப்பது கீழே விழும், இளக்கும்வரை அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. 3, 4 விழுந்தால் கால்: வேகம் பாதி. 5 நெஞ்சு, 6 தலை: இவை இரண்டுக்கும் நாழிகை ஓடும். மேசையில் மூன்று புளியங்கொட்டை வைப்பேன். அடிபட்டவரின் ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒன்று எடுக்கப்படும். மூன்றும் போனால் அவர் பூஜ்யத்துக்கு விழுந்து சாவுத் தேர்வுப் பகடைக்குப் போவார். அதற்குள் பக்கத்தில் வந்து ஒரு செயலைச் செலவிட்டு, மருத்துவத் திறமைப் பகடையில் 12 எடுத்தால் காயம் இளகும். விழும்வரை அவர் சண்டையிடலாம், ஓடலாம், பேசலாம்.

குழித்துறை அண்ணன் சொன்ன முதல் நிலை நோய்க்கு: தொடக்கத்தில் மட்டும் உடல் உறுதி எண்ணை முழுதாக ஹிட் பாயிண்ட்டில் சேர்க்கிறேன். நான்காம் பதிப்பு ஏறக்குறைய இப்படித்தான் செய்தது. அங்கே மந்திரவாதி 10 கூட்டல் உடல் உறுதி எண்ணோடு தொடங்குவார். எங்கள் தங்கைக்கு 7 கூட்டல் 12, மொத்தம் 19.

---

குழித்துறை_கணக்கு

19 என்றால் உடனடி மரணத்துக்கு 38 வேண்டும். பழைய கிரிட்டிகல் விதியை அப்படியே வைத்தாலும் பக்பேரின் உச்சம் 34, எட்டாது. அந்த ஒரு மாற்றமே உயிரைக் காத்துவிடும். வர்மக் காயத்தின் சுமையைப் பார்த்தால்: ஒரு தாக்குதலுக்கு 5 விழுக்காடு, அதில் நெஞ்சும் தலையும் மூன்றில் ஒரு பங்கு. அறுபது தாக்குதலுக்கு ஒரு முறைதான் நாழிகை ஓடும். நான்கு எதிரிகள் மூன்று சுற்று தாக்கினால் 12 தாக்குதல். அந்தச் சண்டையில் ஏதாவது ஒரு வர்மக் காயம் விழ 46 விழுக்காடு, நாழிகை ஓடும் காயம் விழ 18 விழுக்காடு. அளவு சரியாகவே படுகிறது.

---

செங்கோட்டை_ஏடு

நல்ல அமைப்பு. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்.

ஐந்தாம் பதிப்பில் கிரிட்டிகல் பல இடங்களில் வேர்விட்டிருக்கிறது. உடல் முடங்கிப்போனவரையோ மயங்கிக் கிடப்பவரையோ ஐந்தடிக்குள் நின்று தாக்கினால் பட்ட அடி தானாகவே கிரிட்டிகல். பூஜ்யத்தில் கிடப்பவர்மேல் அது விழுந்தால் இரண்டு சாவுத் தோல்விகள். சாம்பியன் வகை வீரனுக்கு மூன்றாம் நிலையில் 19உம் கிரிட்டிகல். அசாசின் வகைத் திருடனின் பிழைப்பே திடீர்த் தாக்குதலின் கிரிட்டிகலில்தான் இருக்கிறது. அடமண்டைன் கவசம் கிரிட்டிகலைச் சாதாரண அடியாக்கும். இரட்டைச் சேதத்தை எடுத்தால் இவர்களுக்கெல்லாம் கையில் என்ன மிஞ்சும்?

இரண்டாவது, சின்ன எதிரிகளுக்கு நாழிகை ஓட்டாதீர்கள். எட்டு கோப்ளினுக்கும் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தால் சண்டை நகராது. ரோல்மாஸ்டர் மேசைகளில் அட்டவணை புரட்டுவதிலேயே மாலை போனதைப் பார்த்தவன் நான்.

---

பாறசாலை_நடுவர்

ஏற்கிறேன் ஐயா. பெயருள்ள எதிரிகளுக்கும் தலைவர்களுக்கும் மட்டும் வர்மக் காயம். மற்ற எதிரிகள்மேல் நம்மவர்கள் இருபது போட்டால் பழையபடி பகடை இரட்டிப்பு. திருடனின் கையில் இருப்பதைப் பிடுங்க மாட்டேன். சாம்பியனின் 19உம் அப்படியே. மயங்கிக் கிடப்பவர்மேல் விழும் இரண்டு தோல்விகளும் இருக்கும். கீழே கிடப்பவரைக் குத்துகிறவன் அங்கேயே நிற்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, ஓடி வந்து தடுக்க நேரமும் இருக்கிறது. அடமண்டைன் கவசம் அணிந்தவருக்கு வர்மக் காயமே கிடையாது.

---

மார்த்தாண்டம்_வாள்

எனக்கு இது பிடித்திருக்கிறது. பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நெஞ்சில் வாங்கிய நண்பனிடம் ஓடுவதா, எதிரியை முடிப்பதா என்று நான் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கோரிக்கை. கேடயம் வைத்திருப்பவர் அதை உடையக் கொடுத்து ஓர் அடியை முழுவதும் தவிர்க்கலாம் என்ற வீட்டு விதி பழைய பாணி மேசைகளில் பரவலாக இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா? வாள் பரிசை பிடித்து ஆடுபவனுக்குப் பரிசை என்ற கேடயம் கவச எண்ணில் கூட்டல் 2 மட்டும் இல்லை.

---

அருமனை_அடிமுறை

சேர்க்கலாம், ஆனால் பகடை விழுந்த பிறகு உடைக்கிறேன் என்று சொல்ல விடாதீர்கள். எதிரி கை ஓங்கும்போதே பரிசையை நீட்ட வேண்டும். தன் முறையில் ‘பரிசையை முன்னால் வைக்கிறேன்’ என்று சொன்னவருக்கு மட்டும் அந்த உரிமை. சொன்னால் அந்தச் சுற்றில் ஓடக் கூடாது.

---

கொழிஞ்சாம்பாறை_தாயம்

ஒரு சந்தேகம். குருமார் ‘காயம் ஆற்றல்’ மந்திரம் போட்டால் வர்மக் காயம் இளகுமா? இளகும் என்றால் மருத்துவத் திறமையை யாரும் எடுக்கப் போவதில்லை. முதல் நிலைக் குரு ஒரே மந்திரத்தில் உங்கள் நாழிகையை நிறுத்திவிடுவார்.

---

பாறசாலை_நடுவர்

இளகாது. அந்த மந்திரம் ஹிட் பாயிண்ட்டை ஏற்றும், காயத்தைத் தொடாது. ‘சிறு மீட்பு’ மந்திரம் இளக்கும். அது இரண்டாம் நிலை மந்திரம் என்பதால் குருவுக்கு மூன்றாம் நிலையில்தான் கிடைக்கும். அதுவரை மருத்துவம் தெரிந்த ஒருவர் குழுவில் வேண்டும். தங்கையிடம் இதைச் சொன்னேன். மந்திரவாதிகளுக்கும் மருத்துவத் திறமை எடுக்கும் உரிமை உண்டு என்று அவளே கையேட்டில் தேடிக் காட்டினாள். பழைய தாளையே திருத்தி வைத்திருக்கிறாள்: ஹிட் பாயிண்ட் 19, மருத்துவம் பயின்றவர். மற்ற நால்வரும் அவளை எங்கே நிறுத்துவது என்று இப்போதே சண்டை போடுகிறார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம். பரிசை விதியையும் சேர்த்து ஆடிப் பார்த்துவிட்டு, விழுந்த இருபதுகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன்.